அறிக்கை தலையெழுத்து அல்ல

சாதிப் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் முதலியார்பேட்டையில்தான் குடியிருக்கிறோம். மகனுக்கு ஆட்டிசம் என்று பரிசோதனை அறிக்கை வந்த அன்று உறவினர் ஒருவர், "முற்பிறவிப் பாவம்" என்றார். நம்மைப் பிறப்பால் கீழென்று ஒதுக்கிய அதே கர்மக் கதை, இப்போது மூன்று வயதுப் பிள்ளையின் தலையில்!

தோழர்களே, பரிகாரத்துக்கு அலையாதீர்கள், பெற்றவளைப் பழிக்காதீர்கள். அறிக்கையைத் தமிழில் விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பள்ளி மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுத்தவர்களிடம் போராடிப் பெற்றவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்காகவும் போராடுவோம்.