ஒரு டன் கரும்பில் ஐந்து கிலோ

திருத்தணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலையும் முருகனும் ஆடிக் கிருத்திகைக் காவடியும்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அதோடு கரும்பும் உண்டு. அரவை தொடங்கிவிட்டால் திருவாலங்காட்டுச் சாலையில் டிராக்டர்கள் வரிசை கட்டும். திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை பெயரில்தான் திருத்தணி, இருப்பது திருவாலங்காட்டில். காரைக்கால் அம்மையாரோடும் ரத்தின சபையோடும் சேர்த்துப் பேசப்படும் அதே ஊர்தான்.

அந்த ஆலைக்குள் போகும் கரும்பு என்னென்னவாக வெளியே வருகிறது என்று நாம் கேட்பதில்லை. பொதுவாக ஒரு டன் கரும்பை அரைத்தால் சர்க்கரை நூறு கிலோவை ஒட்டிக் கிடைக்கும். ஈரச் சக்கை 300 கிலோவுக்குப் பக்கத்தில் விழும். அதற்கு மேல் சர்க்கரையாகப் படியாத பாகு 40, 45 கிலோ மிஞ்சும். அதுதான் மொலாசஸ். கருப்பாக, கெட்டியாக, புளிப்பும் கருகலும் கலந்த வாடையோடு இருக்கும். கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் பிசுபிசுப்பு லேசில் போகாது. இந்த வாரம் நான் எழுத வந்தது இந்தப் பாகைப் பற்றித்தான்.

மொலாசஸை நொதிக்க வைத்துக் காய்ச்சி வடித்தால் ஆல்கஹால். ஒரு டன் கரும்பின் பாகிலிருந்து சுமார் பத்து லிட்டர் தேறும். சாராயம், சானிடைசர், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. வேதிப் பொறியாளர் பார்ப்பது அதற்கு அடுத்த படி. அந்த ஆல்கஹாலை ஆவியாக்கி, ஜவ்வரிசிப் பருமனில் வெள்ளை வெளேரென்று இருக்கும் அலுமினா மணிகள் நிரப்பிய குழாய்க்குள் செலுத்துவார்கள். வெப்பம் 350 டிகிரிக்கு மேல். உள்ளே போகும் ஒவ்வொரு ஆல்கஹால் மூலக்கூறும் ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டு எத்திலீனாக வெளியே வருகிறது. 46 கிலோ ஆல்கஹால் போனால் 28 கிலோ எத்திலீன், 18 கிலோ தண்ணீர். பாலித்தீன் பைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மூலப்பொருள் அந்த எத்திலீன்தான். இன்று உலகம் அதைப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் எடுக்கிறது.

அந்த வெள்ளை மணிகள்தான் வினையூக்கி. வினையில் பங்கெடுக்கும், ஆனால் செலவாகிவிடாது. அதன் அருமை வேகத்தில் மட்டும் இல்லை. அதே மணிகள் மேல் வெப்பத்தை 250 டிகிரிக்குக் கீழே விட்டால் எத்திலீனுக்குப் பதில் ஈதர் கூடுதலாக வரும். எந்தப் பொருள் வேண்டுமோ அதை மட்டும் வரவைப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. நாள்பட நாள்பட மணிகள் மேல் கரி படியும், வெள்ளை கருப்பாகும், வேலை மந்தமாகும். காற்றை விட்டுக் கரியை எரித்து மறுபடி வெள்ளையாக்க வேண்டும். வினையூக்கி ஆய்வில் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பலர் இந்தக் கரியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை லயோலா கல்லூரியில் படித்த பால் ரத்தினசாமி, பின்னாளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர், சியோலைட் என்ற நுண்துளைக் கனிம வகையில் வினையூக்கிகள் செய்தார். அந்தத் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குள் நுழையக்கூடிய மூலக்கூறு நுழையும், மற்றது வெளியே நிற்கும். அவரும் சகாக்களும் உருவாக்கிய என்சிலைட் வினையூக்கி, ஆல்கஹாலையும் பென்சீனையும் சேர்த்து, ஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு முந்தைய படியான எத்தில் பென்சீன் செய்யும் முறைக்குப் போனது. விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பாலிமர்ஸ் ஆலையில் அது நடைமுறைக்கும் வந்தது. உத்தரகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைகால்ஸ் நிறுவனம் 1989இலிருந்து மொலாசஸ் ஆல்கஹாலை வைத்துப் பாலியஸ்டர் மூலப்பொருளான கிளைகால் தயாரிக்கிறது. பிரேசிலில் பிராஸ்கெம் 2010இல் தொடங்கிய ஆலை, கரும்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் எத்திலீன் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது.

நம் கணக்குக்கு வருவோம். பத்து லிட்டர் ஆல்கஹால் எட்டு கிலோ. அதில் கிடைக்கும் எத்திலீன் ஐந்து கிலோ. ஐந்து கிராம் எடையுள்ள கேரி பேக் என்றால் ஆயிரம் பை. ஒரு டன் கரும்பின் கழிவுப் பாகில் ஆயிரம் பை!

இங்கேதான் நிதானம் வேண்டும். கரும்பிலிருந்து வந்தாலும் பாலித்தீன் பாலித்தீன்தான். மூலக்கூறில் ஒரு அணு கூட மாறாது. மலைப்பாதை ஓரத்தில் விழுந்தால் அதுவும் மக்காமல் கிடக்கும், மாடு தின்றால் அதன் வயிற்றிலும் கட்டியாகச் சேரும். மேலே சொன்ன விசாகப்பட்டினம் இந்துஸ்தான் பாலிமர்ஸ் பின்னாளில் கை மாறி எல்.ஜி. பாலிமர்ஸ் ஆனது. 2020 மே 7 விடியற்காலையில் ஸ்டைரீன் கசிந்து உயிர்களைப் பறித்தது அங்கேதான். ஸ்டைரீன் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தாலும் ஆல்கஹாலிலிருந்து வந்தாலும் மூச்சுக்குழாய்க்கு ஒன்றுதான். ஆகவே பச்சை முத்திரை குத்திய பொருளைப் பார்த்ததும் கைதட்ட எனக்கு மனம் வருவதில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைக்குத் தடை. அதன் பிறகு 'மக்கும்' என்று அச்சிட்ட கப்புகள் கடைகளில் புழங்குகின்றன. அவற்றில் ஒரு வகை, கரும்பு அல்லது மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. அதைச் சங்கிலியாகக் கோக்கவும் வெள்ளீயம் கலந்த ஒரு வினையூக்கி வேண்டும். அது ஒழுங்காக மக்க 58 டிகிரி வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் விடாமல் வேண்டும். தமிழ்நாட்டின் வெயில் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர் எங்களுடையது. அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரியைத் தொட்டாலும் அந்தக் கப்புக்கு அது போதாது. அதற்கென உரக்கூடம் இல்லாத ஊரில் 'மக்கும்' என்ற எழுத்து வாங்குபவரை ஏமாற்றுகிறது. மலையில் ஆடிக் கிருத்திகைக்குக் கூடும் கூட்டத்தை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஆனால் பாலிலாக்டிக் அமிலத்திலும் பாலியஸ்டரிலும் ஒரு நன்மை உண்டு. அவற்றின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் திரும்ப அவிழ்க்கலாம். பாலியஸ்டர் பாட்டிலைக் கிளைகாலில் சூடாக்கி, துத்தநாக அசிடேட்டை வினையூக்கியாகச் சேர்த்தால் மறுபடி மூலப்பொருள் கிடைக்கும். கோக்கும் வினையூக்கியோடு அவிழ்க்கும் வினையூக்கியையும் சேர்த்தே யோசிக்கிற ஆய்வைத்தான் நான் நம்புகிறேன். சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்க ஆய்வு மையம் 2006இலிருந்து இருக்கிறது. திருவாலங்காட்டிலிருந்து ரயில் ஏறினால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி மதியத்துக்குள் அங்கே போய்ச் சேரலாம். பாகு இங்கே, படிப்பு அங்கே.

சக்கை இன்னும் பெரிய கேள்வி. ஆலைக் கொதிகலனில் அது எரிகிறது. கரூர்ப் பக்கம் டி.என்.பி.எல். ஆலை அதைக் காகிதமாக்குகிறது. அதன் செல்லுலோஸ் நாரையும் அதைப் பிணைக்கும் லிக்னினையும் பிரித்து வேதிப்பொருளாக்கும் மலிவான வினையூக்கி கிடைத்தால் 300 கிலோவுக்கும் மதிப்பு கூடும். லிக்னின்தான் பிடிகொடுக்காமல் இருக்கிறது.

இதையெல்லாம் திருவாலங்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லதுதான் தம்பி. சக்கையும் எங்க கரும்பு, பாகும் எங்க கரும்பு. ஆனா காசு குடுக்கறப்போ சர்க்கரை எவ்ளோ வந்துச்சுன்னுதானே பாக்கறாங்க?" என்றார்.

அவர் சொன்னது சரி. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய், 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு அந்த விலை. பிழிதிறன் என்பது சர்க்கரைக் கணக்கு. 2012இல் சர்க்கரைத் துறை குறித்த சி. ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, மொலாசஸ், ஆலைக் கழிவு மண்டி எல்லாவற்றின் வருவாயிலும் 70 சதவீதம் கரும்புக்காரருக்கு என்று பரிந்துரைத்தது. அந்தக் கணக்கும் மொலாசஸோடு நின்றுவிடுகிறது; எத்திலீன், லாக்டிக் அமிலம் வரை போகவில்லை. வினையூக்கி ஆராய்ச்சி செய்யும் பொறியாளர்கள் தங்கள் திட்ட அறிக்கையில் உலை, வெப்பம், மணிகளின் ஆயுள் எல்லாவற்றுக்கும் செலவு போடுகிறார்கள். கரும்பு வெட்டி அனுப்பியவருக்கு அந்த ஐந்து கிலோவில் என்ன பங்கு என்ற வரியையும் அதே அட்டவணையில் அவர்கள் சேர்த்துக் காட்ட வேண்டும்.