சிதம்பரம் போக ஓர் ஆசை

உடுப்பிட்டியில் இளைப்பாறிய ஆசிரியத் தம்பதியர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். காலையில் கோயில், மாலையில் பழைய நண்பர்கள், இரவில் பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு. இருமுறை கனடா சென்றிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க, அதாவது பார்த்துக்கொள்ள.

“கலியாணம் முடித்த நாள்தொட்டுச் சிதம்பரம் போக ஆசை” என்றார் அம்மையார். அன்று போர் மறித்தது. பின்னர் பிள்ளைகளின் படிப்பு. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் தொடங்கிய விமானசேவை, பெருந்தொற்றால் நின்று 2022 டிசெம்பரில் மீண்டது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023இல் கப்பலும் ஓடத் தொடங்கியது. நாகபட்டினத்தில் இறங்கினால் சிதம்பரம் சில மணி நேரந்தான். வழி திறந்தபோது முழங்கால் மறிக்கிறது.

புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோரை அன்போடுதான் அழைக்கிறார்கள். ஆனால் எங்கே போக விருப்பம் என்று ஒருமுறையேனும் கேட்டார்களா? அடுத்த பயணச்சீட்டை எடுக்குமுன் கேளுங்கள்.