திண்ணைப் பேச்சு: மந்திர மோதிரம் எதைச் செய்யாது?

சகோதரிகளே, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது இதுவரை எத்தனை ராட்சசர்களைக் கொன்றிருப்பீர்கள்? எத்தனை கிளிகளைப் பேச வைத்திருப்பீர்கள்? கணக்கே கிடையாது. கிண்ணம் காலியானதும் கதையையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். "இதை எழுதினால் சினிமாக் கதை ஆகும்" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் ஒரே சிரிப்புத்தான்!

எங்கள் நாமகிரிப்பேட்டையில் அடுத்த தெருவில் ஒரு பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். மூன்று மாதமாக ஒரு நோட்டில் மாயாஜால சாகசக் கதை ஒன்றைத் திரைக்கதையாக எழுதி வருகிறாள். "சோறாக்கற கைக்கு சினிமாக் கதை எதுக்கு?" என்கிறாராம் மாமியார். அதுகூடப் பரவாயில்லை. சினிமாவில் ஆள் தெரியும் என்று சொல்லிக்கொண்டு ஒருவர், "பத்தாயிரம் குடுங்க, புரொட்யூசர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்" என்றாராம். "ஏனுங்கக்கா, தோட்டை அடகு வெச்சுரலாங்களா?" என்று என்னிடம் யோசனை கேட்டாள். உங்களில் பலருக்கும் உதவும் என்பதால் இந்த இதழில் அதையே பேசுவோம்.

முதலில் மாமியாருக்குப் பதில். சினிமாக் கதை நமக்குத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. 1947-ல் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி', 1956-ல் முழு நீளக் கலர்ப் படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்', எல்லாம் அங்கே உருவானவைதான். பெண் எழுதலாமா என்றால், டி. பி. ராஜலக்ஷ்மி 1936-லேயே தம் கதையையே 'மிஸ் கமலா' என்று தாமே படமாக இயக்கி விட்டார். உலகமே பார்த்து அழுத, வேற்றுக் கிரகத்து ஜீவனின் கதையான 'ஈ.டி.' 1982-ல் வந்தது. அதன் திரைக்கதையை எழுதியதும் மெலிஸா மாதிசன் என்ற பெண்மணியே.

இனி கதைக்கு வருவோம். நம் கொல்லி மலையின் பாவையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். காற்றும் மழையும் அடித்தாலும், பூமியே நடுங்கினாலும் அழகு குலையாதவளாம். சிரித்தே மயக்கிக் கொல்வாள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்தப் பாவை ஒரு சிறுமியின் சிரிப்பைப் பறித்துக்கொள்கிறாள். தாய் அதை மீட்க மலை ஏறுகிறாள். இதுதான் நம் பெண்ணின் கதை. கேட்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

ஆனால் பாதி வழியில் ஒரு சித்தர் வந்து மந்திர மோதிரம் கொடுக்கிறார். பசித்தால் சோறு, பள்ளம் வந்தால் பாலம், புலி வந்தால் புகை! "கண்ணு, மோதிரமே எல்லாம் செஞ்சா அம்மா எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டேன். யோசித்துக்கொண்டே போனாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். இப்போது மோதிரம் மூன்று முறைதான் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் தாய்க்குத் தன் மகளைப் பற்றிய ஒரு நினைவு அழிந்துபோகும். மூன்றாவது முறை கையைத் தூக்கலாமா, வேண்டாமா? அப்பாடா, எனக்கே வயிற்றைப் பிசைந்தது!

மாயாஜாலக் கதையின் சூட்சுமம் அதுதான், சகோதரிகளே. மந்திரம் என்ன செய்யும் என்பதைவிட, எதைச் செய்யாது, எதை விலையாகக் கேட்கும் என்பதே கதை. அலிபாபா கதையில் குகை ஒரு சொல்லுக்குத்தான் திறக்கும். அதை மறந்த அண்ணன் காசிம் தங்கத்தின் நடுவிலேயே மாட்டிக்கொண்டு உயிரை விடுகிறான். அபூர்வ சிந்தாமணியின் கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் தலை போகும். விடை தேடிக் கிளம்புவதே நாயகனின் சாகசம். கட்டுப்பாடு இருந்தால்தான் பயம் இருக்கும், பயம் இருந்தால்தான் நாம் நாற்காலி நுனியில் உட்காருவோம்.

எழுதும் முறை சுலபந்தான். தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப் பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப் பக்கம் காதுக்குக் கேட்பது. "அவள் மனம் நொந்தாள்" என்றால் காமிராவுக்குத் தெரியாது. "மகளின் சின்னச் செருப்பைத் துடைத்து மறுபடி வாசலில் வைத்தாள்" என்றால் தெரியும். ஒரு முழுப் படத்துக்குச் சுமார் அறுபது சீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு சீன் என்றால் இரண்டு மாதம். குழந்தை தூங்கும் பகல் அரை மணி போதும். ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுத வேண்டாம், உடம்பு முக்கியம்.

முடித்ததும் ஓடாதீர்கள். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றித்தானே நம்மூரில் விற்பனைக்குக் கொண்டு போகிறோம்? முதல் பிரதி பச்சை மஞ்சள். பத்து நாள் மூடி வைத்து, பிறகு குழந்தைகளுக்கே படித்துக் காட்டுங்கள். எங்கே கொட்டாவி விடுகிறார்களோ அங்கே வெட்டுங்கள்.

கடைசியாக அந்தப் பத்தாயிரம். கதைக்குப் படம் எடுப்பவர்தான் எழுதியவருக்குப் பணம் தர வேண்டும். எழுதியவரிடமே பணம் கேட்டால் ஆற்று நீர் மலை ஏறுகிற கதை. தோடு காதிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியது எழுதிய உடனேயே உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் சாட்சி சொல்லும். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இப்படிப்பட்ட எழுத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திலும் உறுப்பினர்கள் கதையைப் பதிந்து வைக்கலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: வாயால் சொன்ன வெறும் யோசனைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, எழுதி வைத்ததற்குத்தான் உண்டு. ஆகவே முதலில் எழுதுங்கள், பிறகு சொல்லுங்கள்.

படமாகுமா, ஆகாதா என்பது நம் கையில் இல்லை. கதையை முடிப்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் மந்திர மோதிரம் எதைச் செய்யாது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். மற்றது தானாக வரும்.