சிகிச்சைக்காகத் தங்குவோரின் அறை வாடகைக்கு வரி வேண்டாம்

ஜி.எஸ்.டி. மன்றத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும், வேலூரில் நோயாளிகளோடு தங்கியிருப்போர் சார்பில் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகள் வங்க மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் சின்ன கேஸ் அடுப்பில் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வாரக்கணக்கில் அங்கே தங்கியிருக்கிறார்கள்.

நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை வரி இல்லை. மறுநாள் முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். குறைத்ததை வரவேற்கிறோம். ஆனால் மருத்துவமனைக்குள் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரையுள்ள அறைக்கு வரி கிடையாது. வெளியே, ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற லாட்ஜில் 600 ரூபாய் அறைக்கு வரி உண்டு. இதில் என்ன நியாயம்?

2024 ஜூலையில் ஒரு விலக்கு தந்தீர்கள்: வாடகை ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. ஆனால் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, ஐந்தாறு வாரம்தான் ஆகும். 42 நாள் தங்குபவருக்கு 600 ரூபாய் அறையில் வரி மட்டும் 1,260 ரூபாய். இரண்டு நாள் வாடகை அதில் போய்விடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 30 நாள் தொடர்ந்து தங்குபவருக்கே ஓட்டல் வரி இல்லை. நோயாளிக்கும் துணைக்கு வந்தவருக்கும் இங்கேயும் 30 நாள் போதும் என்று ஆக்குங்கள்.

தொடர்ச்சி என்ற நிபந்தனைதான் எங்களை அதிகம் வதைக்கிறது. நோயாளியை வார்டில் சேர்த்ததும், வாடகையை மிச்சம் பிடிக்க அறையைக் காலி செய்து வராந்தாவில் படுக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆனதும் வேறொரு லாட்ஜில் மூட்டையை இறக்குகிறோம். கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. அட்மிஷன் நாட்களை இடைவெளியாகக் கொள்ளக் கூடாது. லாட்ஜ் மாறினாலும் மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் நாட்கள் சேர வேண்டும்.

எத்தனை நாள் தங்குவோம் என்று மருத்துவருக்கே முதல் நாளில் தெரியாது. ஆகவே முன்பே வாங்கிய வரியை, 30 நாள் நிறைந்ததும் அடுத்த பில்லில் கழித்துத் தர வழி செய்யுங்கள்.

கோயில் வளாகத்தில் அறக்கட்டளை நடத்தும் 1,000 ரூபாய்க்குக் குறைவான அறைக்கு விலக்கு இருக்கிறது. பக்தருக்குக் காட்டும் அந்தப் பரிவை நோயாளிக்கும் காட்டுங்கள்.

இந்த விதிகளைத் தமிழிலும் வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதி, ஒவ்வொரு லாட்ஜின் வரவேற்பு மேசையிலும் வைக்க மாநில அரசு உத்தரவிட வேண்டும்.