பிறந்தது டெட்ராய்ட்டில்! பட்டம் கிடைத்தது பெர்லினுக்கு!

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் நடன விடுதி நடத்துகிறவர்களுக்கு 2024 மார்ச் மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. "டெக்னோ" என்னும் யந்திர இசையும், அதைச் சுற்றி வளர்ந்த பழக்க வழக்கங்களும் ஜெர்மனியின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்று என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாட்டுப் பட்டியலில் டெக்னோவுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

இது உலகப் பட்டியல் அல்ல. ஜெர்மனி தன் நாட்டுக்குள் வைத்திருக்கும் பட்டியல். ஆனாலும் அது சின்ன விஷயம் அல்ல. வீட்டு வாடகை ஏறி, பெர்லினில் ஒவ்வொரு நடன விடுதியாக மூடிக்கொண்டிருக்கிற காலம் இது. "வாட்டர்கேட்" என்ற பெயர்பெற்ற விடுதிகூட 2024 டிசம்பரோடு மூடப்பட்டது. "இது வெறும் கூத்து அல்ல, நாட்டின் சொத்து" என்று சொல்ல ஒரு சான்று இருந்தால், சர்க்காரிடம் உதவி கேட்க வழி உண்டு.

எல்லாம் சரி. டெக்னோ பெர்லினில் பிறந்ததா?

இல்லை! அது பிறந்த இடம் அமெரிக்காவில் உள்ள டெட்ராய்ட். பெற்றவர்கள் கறுப்பு இன வாலிபர்கள். அந்த இசை எப்படிக் கடல் தாண்டிப் போயிற்று என்பதை ஒரு வாலிபரின் முதல் ஆல்பமும், அடுத்த ஆண்டே அதை மாற்றி அமைத்து வெளியிட்ட இன்னொரு ஆல்பமும் தெளிவாகக் காட்டுகின்றன.

மோட்டார் நகரம்

டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். ஹென்றி போர்டு கார் செய்த ஊர் அது. 1950-ல் அங்கே 18 லட்சத்து 49 ஆயிரம் பேர் வசித்தார்கள். பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வெளியூருக்குப் போயின. ஆட்கள் செய்த வேலையை யந்திரங்கள் செய்தன. 1967-ல் நடந்த பெருங்கலவரத்தில் 43 பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கறுப்பர்களின் பாட்டை உலகெங்கும் கொண்டுபோன "மோட்டவுன்" இசைத்தட்டுக் கம்பெனியும் 1972-ல் லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபோய்விட்டது. 2020 கணக்குப்படி ஜனத்தொகை 6 லட்சத்து 39 ஆயிரம்தான். மூன்றில் ஒரு பங்கு!

ஊர் இப்படித் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், அதற்குச் சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெல்வில் என்ற சிற்றூரில் மூன்று பையன்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். வெள்ளையர் நிறைந்த ஊரில் கறுப்புப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆகவே மூவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

இரவில் டெட்ராய்ட் ரேடியோவில் "மோஜோ" என்ற பெயரில் ஒருவர் பாட்டு வைப்பார். இன்ன இனத்தார் பாட்டு, இன்ன நாட்டுப் பாட்டு என்று அவர் பிரிப்பதில்லை. ஜெர்மனியின் "கிராஃப்ட்வெர்க்" குழுவினர் யந்திரங்களைக் கொண்டு செய்த இசையையும் அவர் ஒலிபரப்பினார். பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆக, விதையில் கொஞ்சம் ஜெர்மனியில் இருந்து வந்ததுதான். அதை மறைப்பது நியாயம் அல்ல.

விலைபோகாத யந்திரம்

இசைக்கு வாத்தியம் வேண்டுமே? அங்கேதான் ஓர் அதிர்ஷ்டம்.

ஜப்பானில் உள்ள "ரோலண்ட்" கம்பெனி 1980-ல் ஒரு யந்திரம் செய்தது. பொத்தானை அழுத்தினால் அதுவே தாளம் போடும். ஆனால் உண்மையான டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று பலரும் முகம் சுளித்தார்கள். சுமார் 12,000 யந்திரங்களோடு தயாரிப்பு நின்றுபோயிற்று. அவை பழைய சாமான்களாகக் குறைந்த விலைக்கு வந்தன. கையில் காசில்லாத வாலிபர்களுக்கு அது போதாதா? டிரம் மாதிரி ஒலிக்கவில்லையே என்று மற்றவர்கள் குறைப்பட்டார்கள். இவர்களுக்கு அந்தப் புது ஒலிதான் பிடித்திருந்தது!

சீரான நாலு தட்டு. நிமிஷத்துக்கு 120 தட்டுக்கு மேல். அதன் மீது சுழன்று சுழன்று வரும் சில சுரங்கள். பெரும்பாலும் பாட்டு வரியே கிடையாது. டெக்னோவின் உருவம் இதுதான். முதலில் கேட்கிறவர்களுக்குத் தறி ஓடுகிற சத்தம் போலத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருப்பது தெரியும்.

மூவரும் சொந்தமாகவே இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். 1985-ல் அட்கின்ஸ், 1986-ல் மே, 1987-ல் சாண்டர்சன். டெட்ராய்ட்டின் பெரிய சந்தைக்கு அருகே பக்கத்துப் பக்கத்து இடங்களில் வேலை நடந்தது.

முதல் ஆல்பம்

கெவின் சாண்டர்சன் நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் பிறந்தவர். கல்லூரியில் பந்தாட்டக்காரராக இருந்தார். நண்பர்கள் இருவரும் பாட்டு வரியைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர்கள். இவருக்கோ யந்திரத் தாளத்தின் மேல் ஒரு பெண் குரல் வேண்டும் என்று ஆசை. சிகாகோவில் பாரிஸ் கிரே என்ற பாடகி கிடைத்தார். இருவரும் சேர்ந்த குழுவுக்கு "இன்னர் சிட்டி" என்று பெயர். நகரத்தின் உட்பகுதி என்று பொருள். ஏழைக் கறுப்பர்கள் வாழும் பகுதியை அமெரிக்காவில் அப்படித்தான் சொல்வார்கள்.

1988-ல் இங்கிலாந்தில் இருந்து நீல் ரஷ்டன் என்ற இசை வியாபாரி வந்தார். டெட்ராய்ட் வாலிபர்களின் இசையைத் திரட்டி லண்டனில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். சிகாகோவின் "ஹவுஸ்" இசை அப்போது விலைபோய்க்கொண்டிருந்ததால், அந்தப் பெயரைத்தான் இதற்கும் வைப்பதாக இருந்தார்கள். அட்கின்ஸ் தம் பாட்டுக்கு "டெக்னோ மியூசிக்" என்று பெயரிட்டிருந்தார். கடைசி நேரத்தில் அந்தச் சொல்லே முழுத் தொகுப்புக்கும் பெயர் ஆயிற்று. குழந்தைக்கு இங்கிலாந்தில்தான் பெயர் சூட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம்!

அந்தத் தொகுப்பில் இருந்த சாண்டர்சனின் "பிக் ஃபன்" தனித்தட்டாக வந்து, இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 8-வது இடத்தைப் பிடித்தது. அடுத்து வந்த "குட் லைஃப்" 4-வது இடத்துக்கு ஏறியது. 1989-ல் முதல் ஆல்பம் வெளிவந்தது. பெயர் "பேரடைஸ்", அதாவது சொர்க்கம். இங்கிலாந்தில் அது 3-வது இடம் வரை போயிற்று.

சொந்த நாட்டில் என்ன நடந்தது? நடன விடுதிகளில் நல்ல வரவேற்பு. ஆனால் ரேடியோக்களும் கடைகளும் சேர்ந்து முடிவு செய்யும் பெரிய பட்டியலில் "குட் லைஃப்" 73-வது இடத்தோடு நின்றுவிட்டது. அதே பாட்டு, அதே குரல்! இங்கிலாந்தில் தெருவெல்லாம் கேட்ட பாட்டு, அது பிறந்த ஊரில் பலர் காதில் விழவே இல்லை.

பழைய பட்டுச்சேலை, புதுப் பாவாடை

1990-ல் இந்த ஆல்பம் இன்னொரு உருவத்தில் வந்தது. "பேரடைஸ் ரீமிக்ஸ்ட்" என்று பெயர். கதையில் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

"ரீமிக்ஸ்" என்றால் என்ன? அம்மாவின் பழைய பட்டுச்சேலையை வெட்டி மகளுக்குப் பாவாடை தைப்பது உண்டு. கரையும் முந்தானையும் பழசு. தையலும் உருவமும் புதுசு. இசையிலும் அப்படியே. ஒலிப்பதிவு செய்யும்போது குரல், தாளம், மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்து வைப்பார்கள். அந்த நாடாவை இன்னொருவரிடம் கொடுத்தால், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்கி, தம் சரக்கைச் சேர்த்துப் புதிதாக ஆக்கித் தருவார். ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரத்திலும் நியூயார்க்கிலும் 1970-களிலேயே இந்த வேலை நன்றாக நடந்தது. அப்போது பெரும்பாலும் பாட்டை ஆட்டத்துக்கு ஏற்றபடி நீட்டிக் கொடுப்பார்கள்.

சாண்டர்சன் ஒரு படி மேலே போனார். 1988-ல் லண்டன் சகோதரிகள் இருவரின் "ஹீட் இட் அப்" என்ற பாட்டை அவரிடம் கொடுத்தார்கள். குரலில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்தார்! அடியில் முழுக்க முழுக்கத் தம் சொந்த இசையை வைத்தார். அதைக் கேட்டவர்கள், "இது யாருடைய பாட்டு?" என்று விழித்தார்கள். கரையை மட்டும் வைத்துக்கொண்டு சேலையையே புதிதாக நெய்துவிட்டால் என்ன சொல்வது?

தம் பாட்டுகளையும் அவர் பிறர் கையில் துணிந்து கொடுத்தார். "பிக் ஃபன்" பாட்டை அட்கின்ஸ் மாற்றி அமைத்தார். "குட் லைஃப்" பாட்டை மே மாற்றி அமைத்தார். பள்ளித் தோழர்கள் அல்லவா! மூல ஆல்பம் வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தக்கது. இனிமை அதிகம், சில இடங்களில் சர்க்கரை கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். ரீமிக்சில் அந்தச் சர்க்கரை குறைந்து தாளம் முன்னே வந்தது. இசை என்று பார்த்தால் இரண்டாவதுதான் டெட்ராய்ட்டின் உண்மையான குரல். விற்றது என்னவோ முதலாவதுதான்.

பணம் யாருக்கு?

பாட்டுக்கு வரியும் மெட்டும் செய்தவருக்கு ராயல்டி உண்டு. ஒலிப்பதிவைச் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனிக்கு விற்பனையில் லாபம் உண்டு. ரீமிக்ஸ் செய்பவருக்கோ, பெரும்பாலும் ஒரே தடவைதான் கூலி. தட்டு ஆயிரம் விற்றாலும் அதுதான், பத்து லட்சம் விற்றாலும் அதுதான்.

சாண்டர்சன் தப்பித்தார். பாட்டும் அவருடையது, கம்பெனியும் நடத்தினார். "குட் லைஃப்" 1999-ல் புது உருவத்தில் வந்து, இங்கிலாந்தில் மறுபடியும் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. ஆனால் எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. டெட்ராய்ட் பாணியில் தாளம் போட்டு எத்தனையோ பேர் ஐரோப்பாவில் பிழைத்தார்கள். ஒரு பாணிக்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. பணம்தான் வராது, பெயராவது வரவேண்டாமா?

பெட்டக அறையில் நடனம்

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பகுதியில் கேட்பாரற்ற கட்டடங்கள் ஏராளம். பழைய "வெர்ட்ஹைம்" பெரிய கடையின் அடித்தளத்தில் இருந்த இரும்புப் பெட்டக அறையில் 1991 மார்ச்சில் ஒரு நடன விடுதி திறந்தார்கள். பெயர் "டிரெசர்". பெட்டகம் என்றே பொருள்! இரு பக்கத்து வாலிபர்களும் அங்கே ஒன்றாக ஆடினார்கள். ஆடுவதற்கு இசை எங்கிருந்து வந்தது? டெட்ராய்ட்டில் இருந்து! அந்த விடுதியின் கம்பெனி வெளியிட்ட முதல் இசைத்தட்டே டெட்ராய்ட்காரர்களுடையது. 1993-ல் "பெர்லின், டெட்ராய்ட் கூட்டணி" என்றே பெயரிட்டு ஒரு தொகுப்பு வந்தது. பெர்லின்காரர்கள் கடனை மறைக்கவில்லை.

அவர்கள் சர்க்காரும் மெள்ள மெள்ள விழித்துக்கொண்டது. டெக்னோ கேட்க நுழைவுச் சீட்டு வாங்கினால் அதற்கு எவ்வளவு வரி? கேளிக்கை என்றால் நூற்றுக்கு 19. கச்சேரி என்றால் 7. 2016-ல் "பெர்கைன்" என்ற விடுதியின் வழக்கில், இதுவும் கச்சேரிதான் என்று வரிக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. எட்டு ஆண்டு கழித்து, பண்பாட்டுச் செல்வம் என்ற பட்டமும் வந்தது.

தாய் வீடு என்ன செய்கிறது?

டெட்ராய்ட்டுக்கு யுனெஸ்கோ ஒரு பட்டம் கொடுத்திருக்கிறது. 2015-ல் அது "வடிவமைப்பு நகரம்" ஆயிற்று. இசைக்காக அல்ல!

அப்படியானால் இசைக்காகக் கேட்கக்கூடாதா? ஜமைக்காவின் "ரெகே" இசை 2018-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் ஏறியதே! இங்கேதான் முட்டுக்கட்டை. அந்தப் பட்டியலுக்காக 2003-ல் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. உடன்பட்ட நாடுகள்தான் மனுப்போட முடியும். ஜெர்மனி உடன்பட்டது. ஜமைக்கா உடன்பட்டது. அமெரிக்கா உடன்படவில்லை. போதாக்குறைக்கு, 2023-ல் யுனெஸ்கோவுக்குத் திரும்பி வந்த அமெரிக்கா, 2026 டிசம்பரில் மறுபடியும் விலகப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது.

ஆகவே பெர்லின் மீது கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. தன் ஊரில் வேரூன்றியதைத் தன் நாட்டுப் பட்டியலில் அது எழுதிக்கொண்டது. டெட்ராய்ட் பையன்களின் பெயரை எழுதவேண்டிய சர்க்கார் வேறு. அது பேனாவையே எடுக்கவில்லை. நகர சபைக்கோ வேறு கவலை. 1,800 கோடி டாலர் கடனில் மூழ்கி 2013 ஜூலையில் திவால் மனுக் கொடுத்த ஊர் அது. தெருவிளக்குக்கே பணம் இல்லாமல் தவித்தது.

எஞ்சியது ஜனங்களின் முயற்சிதான். டெட்ராய்ட்டின் கிராண்ட் பொலவார்டு வீதியில் உள்ளூர் இசைக்காரர்களே ஒரு சிறிய அருங்காட்சிசாலை வைத்தார்கள். பழைய தாள யந்திரங்களையும் இசைத்தட்டுகளையும் அங்கே சேர்த்தார்கள். 2000-ல் ஆற்றங்கரையில் இலவசமாக ஒரு டெக்னோ திருவிழா தொடங்கியது. 2005-ல் அதை நடத்தும் பொறுப்பை சாண்டர்சனே ஏற்றுக்கொண்டார். செலவு தாங்காமல் அந்த ஆண்டுதான் முதல் முறையாக நுழைவுச் சீட்டு போட்டார்கள். அடுத்த ஆண்டு வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. மே மாதக் கடைசியில் நடக்கும் அந்த விழாவுக்கு ஜெர்மனியில் இருந்தும் ரசிகர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

"இன்னர் சிட்டி" குழுவும் ஓய்ந்துவிடவில்லை. 2020-ல் புது ஆல்பம் வந்தது. பாடியவர் ஸ்டெஃபானி கிறிஸ்டியன் என்ற டெட்ராய்ட் பாடகி. யந்திரங்களின் முன்னால் சாண்டர்சனோடு உட்கார்ந்து இசை அமைத்தவர் அவருடைய மகன் டாண்டியஸ்.