பொருத்தம் பார்த்தால் மட்டும் போதுமா?

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது சார்!" வாட்ஸ்அப்பில் மூலிகைச் செய்தி அனுப்புகிறவர்கள் இப்போதெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முன்பு "பாட்டி சொன்னாள்" என்பார்கள். அதுவே மேல். பாட்டி நாலு பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கம்ப்யூட்டர் யாருக்கும் ஒரு மடக்குக் கஷாயம்கூடக் கொடுத்ததில்லை.

கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பிலும் கிருமிகளிலும் இருக்கும் புரதங்களுக்கு ஒவ்வொரு வடிவம் உண்டு. அதில் பள்ளங்கள் உண்டு. மருந்துகள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துதான் வேலை செய்கின்றன. மூலிகையில் உள்ள ஒரு வேதிப்பொருளின் வடிவத்தைக் கணினியில் ஏற்றி, அந்தப் பள்ளத்தில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவதற்கு 'டாக்கிங்' என்று பெயர். ஆட்டோடாக் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினி போதும்.

இது ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி. பத்துக்கு ஒன்பது பொருந்தினாலும் குடித்தனம் நடத்திப் பார்த்தால்தானே தெரியும்? பெரும்பாலான கணக்குகளில் புரதம் அசையாமல் நிற்பதாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நெளிந்துகொண்டே இருக்கும். விழுங்கிய பொருள் வயிற்று அமிலத்தைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலிடம் தப்பித்து ரத்தத்துக்கு வர வேண்டும். அந்த வழிப்பயணம் டாக்கிங் மதிப்பெண்ணில் இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது இப்படிப்பட்ட கட்டுரைகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பின. மஞ்சள், நிலவேம்பு, துளசி எல்லாமே வைரஸின் புரதத்தில் 'பொருந்தின'. அதோடு பல கட்டுரைகளின் கதை முடிந்தது.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள குர்குமினைப் பற்றி 2017இல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஒரு விரிவான ஆய்வுரை வெளியிட்டார்கள். 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், முறையான இரட்டை மறைவுச் சோதனை ஒன்றில்கூட அது வெற்றி பெறவில்லை என்றார்கள். அது ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு. ரசத்தில் மஞ்சள் போடுங்கள், நல்லது. மருந்து என்று சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

நித்திய கல்யாணியின் கதை இதற்கு நேர்மாறு. சர்க்கரை நோய்க்குக் கேட்கும் என்ற நாட்டு வழக்கை நம்பி, 1950களில் கனடாவில் அதைச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, விலங்குகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனதால் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. சர்க்கரை நோய்ப் புரதத்தில் மட்டும் பொருத்தம் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் தந்த சீனாவின் தூ யூயூ, பழைய ஏட்டைப் படித்ததோடு நிற்கவில்லை. விலங்குகளுக்குக் கொடுத்தார், தானே உட்கொண்டார், பிறகுதான் நோயாளிகளுக்கு. 2015இல் நோபல் பரிசு வந்தது.

நான் கணினிக்கு விரோதி அல்ல. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 4,010 இந்திய மூலிகைகளின் 17,967 வேதிப்பொருள்களைத் தொகுத்து 'இம்பாட்' என்ற தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். அருமையான வேலை. இத்தனையில் எந்த ஐம்பதை முதலில் சோதிக்கலாம் என்று சலித்துக் கொடுக்கக் கணினியை விட்டால் ஆள் இல்லை. ஆனால் சலித்த மாவை அப்படியே இலையில் பரிமாறுவார்களா?

இதைக் கோபத்தோடு எழுதக் காரணம் உண்டு. காலை நடைக்கு உடன் வரும் நண்பர் ஒருவர், இப்படியொரு செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிறுகுறிஞ்சான் பொடிக்கு மாறினார். இரண்டே மாதத்தில் ஆறாத கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்கிங் செய்து கட்டுரை போட்டவருக்குப் பதவி உயர்வுகூட வந்திருக்கலாம்.

நம் வயதில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவர் குறைவு. அடுத்த முறை "கம்ப்யூட்டர் நிரூபித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா? எத்தனை பேருக்கு? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? பதில் இல்லையென்றால் செய்தியை அழித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.