படத்தின் பின்பக்கம்

தேவ்நாரிலும் செம்பூரிலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் பழைய புகைப்படங்கள் சில இருக்கும். மும்பை பம்பாயாக இருந்த காலத்தில், நெல்லைச் சீமையிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் கேட்வே ஆஃப் இந்தியாவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார். அதை மடலுடன் ஊருக்கு அனுப்புவார். மகன் நலமாக இருக்கிறான் என்பதைப் பெற்றோர் அப்படத்தைக் கண்டே அறிந்தனர். அதன் பின்பக்கத்தில் பெயரும் இடமும் நாளும் தமிழில் எழுதப்பட்டிருக்கும்.

அந்நாளில் படம் எடுத்தல் எளிதன்று. ஒரு படச்சுருளில் பெரும்பாலும் 12 அல்லது 36 படங்களே எடுக்க இயலும். உதகையில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள்களை உருவாக்கி விற்றது. சுருளை வாங்கவும் கழுவவும் அச்சிடவும் பணம் வேண்டும். ஆகவே, எடுத்த சில படங்களையும் மக்கள் போற்றிக் காத்தனர்.

இன்று ஒரு பிறந்தநாள் விழாவிலேயே நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன. "எல்லாம் கைப்பேசியில் இருக்கும்போது எழுதி வைப்பது எதற்கு?" என்று சிலர் கேட்பர். கைப்பேசி நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஆனால், படத்தில் நிற்பவர் பாட்டியின் தமக்கை என்பதையும், அவர் அன்று ஏன் சிரித்தார் என்பதையும் அது அறியாது. பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப் பின் யாரோ ஒருவரின் படமாகிவிடும். பெயர்களை அறிந்தவர்கள் தாத்தாவும் பாட்டியுமே. அவர்களிடம் இன்று கேட்காததை நாளை வேறு எவரிடமும் கேட்க இயலாது.

அனுஷா யாதவ் என்பவர் 2010ஆம் ஆண்டு 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' என்னும் இணையக் காப்பகத்தைத் தொடங்கினார். அதில் பழைய குடும்பப் படங்கள் அவற்றின் கதைகளுடன் இடம்பெறுகின்றன. கதையும் சேர்ந்தால்தான் படம் வரலாறாகும்.

விழாக்கள் மட்டுமே படம் எடுக்கத் தக்கவை அல்ல. மும்பையில் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயர்ந்த கட்டடங்கள் எழுகின்றன. பாட்டி கோலமிடும் வாசல், குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்கள், கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் இரயிலில் பிரித்த புளியோதரைப் பொட்டலம் ஆகியனவும் எடுக்கத் தக்கவையே. கேட்வே ஆஃப் இந்தியாவை நாளையும் காணலாம். அந்த வாசலை நாளை காண இயலாமற் போகலாம்.

ஆகவே, சிறந்த படங்களை அச்சிட்டு, பெயர், உறவு, இடம், ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வைத்தல் வேண்டும். பழைய படங்களின் பின்பக்கத்தில் இருப்பது தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து. அதைப் படிக்க இயலாத பேரனுக்குப் படத்தில் பாதியே கிடைக்கும். படிக்கக் கற்ற பேத்திக்கோ முழுவதும் கிடைக்கும்.

அருஞ்சொற்பொருள்
மடல் – கடிதம்
தமக்கை – அக்காள்
இயலும் – முடியும்
காப்பகம் – பாதுகாத்து வைக்கும் இடம்

வினாக்கள்
1. பழைய படங்களை மக்கள் போற்றிக் காத்தது ஏன்?
2. கைப்பேசி அறியாதவையாகப் பாடம் கூறுவன யாவை?
3. "கதையும் சேர்ந்தால்தான் படம் வரலாறாகும்." இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் எழுதுக.

செயல்பாடு
வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.